போகலாமா, வேண்டாமா? மாறும் சுகாதார அறிவிப்புகளுக்கு நடுவே குடும்பப் பயணம்

2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி வந்தது. சிரம்பான் லோபாக்கில் வசிக்கும் ஒரு தாயின் வீட்டுக்குக் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் வருவதற்குக் காரில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஆண்டு வர முடியவில்லை. நவம்பர் 9ஆம் தேதியிலிருந்து தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. மாநில எல்லை மட்டுமல்ல, மாவட்ட எல்லையைக்கூடக் கடக்க முடியாது. வாங்கிய புதுத்துணியும் சுட்ட முறுக்கும் அவரவர் வீட்டிலேயே இருந்தன.

டிசம்பர் 7ஆம் தேதி தடை நீங்கியது. ‘பொங்கலுக்காவது போகலாம்’ என்று பலர் நினைத்திருக்க, 2021 ஜனவரி 13ஆம் தேதி மாநிலம் கடக்கும் பயணம் நாடு முழுவதும் மீண்டும் தடை செய்யப்பட்டது. இடையில் கிடைத்தது 37 நாள் மட்டுமே. அந்தத் தடை நீங்க அக்டோபர் 11ஆம் தேதி ஆகிவிட்டது. ஏறக்குறைய ஒன்பது மாதம்!

பயணம் மட்டுமல்ல, எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. நோயாளிகளும் அவர்களைக் கவனிப்பவர்களும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்று தொடக்கத்தில் சொன்ன உலகச் சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5ஆம் தேதி தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. மலேசியாவில் ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் பொதுப் போக்குவரத்திலும் கூட்டமான இடங்களிலும் முகக்கவசம் கட்டாயமானது. தனிமைப்படுத்தலும் 14 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தது. ‘ஆளுக்கொன்று, நாளுக்கொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது?’ என்று மக்கள் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. வந்தால் அறிவிப்புகள் இப்படித்தான் மாறும் என்பது மட்டும் உறுதி. அப்போது ‘பாட்டி வீட்டுக்குப் போகலாமா?’ என்ற கேள்விக்கு எப்படி விடை தேடுவது? முதலில், அறிவிப்புகள் ஏன் மாறுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நெகிரி செம்பிலான் கற்ற பாடம்

இதற்கான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. அடுத்து அது சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டிலும், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கிலும் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். கொசு மருந்து அடித்தார்கள். அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை.

ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு எல்லாரையும்தான் கடிக்கிறது. நோய் மட்டும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடி வந்தது. 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், இதுவரை அறியப்படாத ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது ‘நிப்பா’ எனப்பட்டது. உடனே நடவடிக்கையும் மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளைக் கவனித்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்த பிறகே அந்தக் கொடுமை ஓய்ந்தது.

பேராக்கிலிருந்து கிருமியை நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுவந்தது லாரிகளில் ஏற்றி அனுப்பப்பட்ட பன்றிகள். நோயைப் புரிந்துகொள்வதற்கு முன்பே பயணம் நடந்துவிட்டது. முதலில் சொன்ன ஆலோசனையைக் கௌரவத்துக்காகப் பிடித்துக்கொண்டிருந்தால் இறப்பு இன்னும் கூடியிருக்கும். ஆகவே, மாறிய அறிவிப்பு என்றாலே தவறான அறிவிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

ஏன் மாறியது என்று கேளுங்கள்

சுகாதார அறிவிப்புகள் மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கிருமியைப் பற்றிய அறிவு வளர்வது. எத்தனை நாளில் நோய் வெளிப்படும், காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும், யாரை அதிகம் தாக்கும் என்பவை இதில் அடங்கும். இவ்வகை அறிவு மெல்ல வளரும். ஒருமுறை உறுதியானால் புதிய திரிபு வரும்வரை பெரும்பாலும் நிற்கும்.

இரண்டு, சுற்றுவட்டார நிலைமை மாறுவது. உங்கள் மாவட்டத்தில் இந்த வாரம் எத்தனை பேருக்குத் தொற்று, மருத்துவமனையில் கட்டில் இருக்கிறதா என்பது வாரத்துக்கு வாரம் மாறும். கிருமி அதேதான், சூழ்நிலைதான் வேறு. 37 நாள் திறந்து மூடிய எல்லை இந்த வகையைச் சேர்ந்தது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதியாகக் குறையும். முதல் வகைச் செய்தியை வைத்து எப்படிப் போவது, எப்படித் தங்குவது என்று முடிவு செய்யலாம். இரண்டாம் வகைச் செய்தியை வைத்து எப்போது போவது என்று முடிவு செய்யலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். அனுமதி வேறு, ஆபத்து வேறு. 2021 அக்டோபரில் எல்லை திறந்தபோது, நாட்டின் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அது நாடு முழுமைக்குமான கணக்கு. லோபாக்கில் இருக்கும் உங்கள் 74 வயதுத் தாயாருக்கு நீரிழிவு இருக்கிறதா, அவர் தடுப்பூசி போட்டாரா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. கோவிட்-19 நோயில் இறக்கும் அபாயம் வயது ஏற ஏறப் பன்மடங்கு உயர்ந்தது. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் அதை மேலும் கூட்டின. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். எனவே அரசாங்கம் நாட்டுக்குக் கணக்குப் போடும்; உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் போட வேண்டும்.

20 பேர் கூடினால்?

விருந்துக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, ‘20 பேருக்கு வராத கிருமி 25 பேருக்கு வந்துவிடுமா?’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. இதற்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடக் கணிதம்தான்.

உங்கள் வட்டாரத்தில் 1,000 பேரில் ஒருவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் கூடும் இடத்தில் அப்படி ஒருவராவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 2 விழுக்காடு. தொற்று பரவி 100 பேரில் ஒருவர் என்ற நிலை வந்தால், அதே 20 பேர் கூட்டத்தில் வாய்ப்பு 18 விழுக்காடாகிறது. 50 பேர் கூடினால் 39 விழுக்காட்டைத் தாண்டும். 10 பேரோடு நிறுத்திக்கொண்டால் 10 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

அதாவது 20 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. வெளியே தொற்று கூடினால், உள்ளே தலைகளைக் குறைக்க வேண்டும். அதனால்தான் எண்ணிக்கை வரம்பு மாறிக்கொண்டே இருந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் ஐவர் பெரும்பாலும் ஒரே அபாயத்தைத்தான் கொண்டுவருவார்கள். ஐந்து ஊர்களிலிருந்து வரும் ஐவர் ஐந்து விதமான அபாயத்தைக் கொண்டுவருவார்கள். ஆகவே எத்தனை பேர் என்பதோடு, எத்தனை வீட்டார் என்றும் எண்ணிப் பாருங்கள்.

நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது?

நோய் கண்ட இடத்திலிருந்து வருபவர்களைச் சில நாள் ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை 40 நாள் நிறுத்திவைத்த வழக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் ‘குவாரன்டைன்’ என்ற சொல் வந்தது. இத்தாலிய வட்டார மொழியில் அதற்கு நாற்பது என்று பொருள். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலரும் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் இப்படி நிறுத்திவைக்கப்பட்ட பிறகே லாபுவுக்கும் சிலியாவுக்கும் மற்றத் தோட்டங்களுக்கும் போனார்கள்.

40 என்ற எண் கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் வந்தது. இப்போதைய எண்கள் அளந்து பெறப்படுபவை. கோவிட்-19 தொடக்கத்தில் 181 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தொற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய 5 நாளில் பாதிப் பேருக்கு அறிகுறி தோன்றியது. அறிகுறி காட்டுவோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் 11.5 நாளுக்குள் காட்டிவிடுவார்கள் என்று கணக்கிட்டார்கள். சற்றுக் கூடுதல் பாதுகாப்போடு 14 நாள் என்பது இந்தக் கணக்கோடு பொருந்தியது. 10 நாள் ஆனபோது, மீதி நான்கு நாளில் பிடிபடும் சிலருக்காக எல்லாரையும் அடைத்துவைப்பதா என்ற யோசனை இருந்தது. பிறகு வந்த ஒமிக்ரோன் திரிபில் அறிகுறி தோன்றும் காலமே ஏறக்குறைய 3 நாளாகச் சுருங்கியது.

இன்னொரு முக்கியமான உண்மை: அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்ப முடியும். ‘எனக்குக் காய்ச்சல் இல்லை, நான் போகலாம்’ என்பது இதனால்தான் போதாது.

‘நெகட்டிவ்’ என்றால் சுத்தமா?

பயணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்று பலர் நம்பினார்கள். 2021 செப்டம்பரில் சுய பரிசோதனைக் கருவிக்கு 19.90 ரிங்கிட் என உச்ச விலை நிர்ணயித்த பிறகு, ஐந்து பேர் உள்ள குடும்பம் 100 ரிங்கிட்டுக்குள் சோதித்துக்கொள்ள முடிந்தது. நல்ல வசதிதான். ஆனால் எந்த நாளில் சோதிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏழு ஆய்வுகளின் தரவைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஓர் அறிக்கை, மிக நம்பகமான பி.சி.ஆர். சோதனையே எத்தனை பேரைத் தவறவிடும் என்று கணக்கிட்டது. தொற்றிய முதல் நாளில் யாருமே அகப்படவில்லை. நான்காம் நாளில் 67 விழுக்காட்டினர் தப்பினார்கள். அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாளில் 38 விழுக்காடு. எட்டாம் நாளில்கூட 20 விழுக்காடு. காரணம் எளிது. கிருமி உடலில் பெருகி, மூக்குக்கும் தொண்டைக்கும் போதிய அளவு வர நாள் எடுக்கும்.

இதை ஒரு நாள்காட்டியில் பொருத்திப் பார்ப்போம். 2021இல் தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. கிள்ளானில் வேலை செய்யும் மகன் அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை ஜாலான் தெங்கு கிளானாவில் நெரிசலுக்கு நடுவே துணி வாங்குகிறார் என்று வையுங்கள். திங்கட்கிழமை சோதித்துப் பார்க்கிறார். தொற்று இல்லை என்று வருகிறது. அந்த முடிவு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. புதன்கிழமை லோபாக்குக்கு வந்து, வியாழன் காலை தாயாரின் காலில் விழுந்து ஆசி வாங்கும்போது அது நான்காம் நாள். கிருமி பரவத் தொடங்கும் வேளை!

தீர்வு கடினமானதல்ல. துணி வாங்குவதை ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 24ஆம் தேதிக்கு மாற்றலாம். அதன் பிறகு கூட்டங்களைத் தவிர்த்தால், புறப்படும் புதன்கிழமை பத்தாம் நாள் ஆகிவிடும். சோதனையைப் புறப்படும் அன்றும், தீபாவளி காலையிலும் செய்தால் அதற்கு உண்மையான பயன் உண்டு. பயணத் திட்டத்தைப் புறப்படும் நாளிலிருந்து அல்ல, தாயாரைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள்.

தெரியாதபோது கதவை மூடுவது

சில தடைகள், ஆபத்து தெரிந்ததால் அல்ல, தெரியாததால் வருபவை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்கள் நீண்ட பிரிவுக்குப் பின், 2021 நவம்பர் 29ஆம் தேதி தனிமைப்படுத்தல் இல்லாத சிறப்புப் பேருந்துகளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து வந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னர்தான், நவம்பர் 26ஆம் தேதி, உலகச் சுகாதார நிறுவனம் ஒமிக்ரோனைக் கவலைக்குரிய திரிபாக அறிவித்திருந்தது. டிசம்பர் 22ஆம் தேதி, புதிய பயணச்சீட்டு விற்பனையை ஜனவரி 20 வரை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. முன்பே சீட்டு வாங்கியவர்கள் வரலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

இத்தகைய நேரத்தில் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது திரும்பும் வழி. போவதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும் நாம், போன பிறகு கதவு மூடிக்கொண்டால் என்ன செய்வோம் என்று யோசிப்பதில்லை. 2020 மார்ச் இறுதியில் இந்தியா பன்னாட்டு விமானச் சேவையை நிறுத்தியபோது, உறவினர் வீட்டுக்கும் கோயில்களுக்கும் போன மலேசியர்கள் சென்னையிலும் திருச்சியிலும் சிக்கிக்கொண்டார்கள். வழக்கமான பன்னாட்டு விமானங்கள் இந்தியாவிலிருந்து மீண்டும் பறக்க 2022 மார்ச் 27 ஆனது. கூடுதலாக இரண்டு வாரம் தங்க நேர்ந்தால் இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதா, வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்குமா, கைச்செலவுக்குப் பணம் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது முழுமையான பயணத் திட்டம்.

போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு

வீட்டிலேயே இருப்பது எப்போதும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. தனியாக இருக்கும் முதியவர் மருந்து சாப்பிட்டாரா, மருத்துவமனைத் தேதியைத் தவறவிட்டாரா என்பதைத் தொலைபேசியில் முழுமையாக அறிய முடியாது. ‘நல்லா இருக்கேன்யா, நீ வராதே’ என்று அவர் சொல்வதில் பாதி பிள்ளைக்காகச் சொல்வது. இறப்பு, கடும் நோய் போன்றவற்றுக்குக் கடும் கட்டுப்பாட்டுக் காலத்திலும் போலீஸ் அனுமதியுடன் மாநிலம் கடக்க முடிந்தது. சில பயணங்களைத் தள்ளிப்போட முடியாது என்பதை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள்.

எனவே எந்தப் பயணத்தையும் இரு பக்கமும் நிறுத்துப் பாருங்கள். திருமண விருந்தை மூன்று மாதம் தள்ளி வைத்தால் இழப்பது முன்பணமாக இருக்கலாம். படுக்கையில் இருக்கும் தந்தையைப் பார்க்க மூன்று மாதம் தள்ளி வைத்தால் இழப்பது வேறு. முதலாவதை ஒத்திவைக்கலாம். இரண்டாவதற்கு ஆபத்தைக் குறைக்கும் வழியைத் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும்.

புறப்படும் முன் வீட்டில் பேச வேண்டியவை

1. அறிவிப்பு மாறியிருந்தால் காரணத்தைப் பாருங்கள். கிருமியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்ததா, வட்டார நிலைமை மாறியதா? புலனத்தில் வந்த செய்தியை நம்பாமல் சுகாதார அமைச்சின் அறிக்கையையே படியுங்கள்.

2. நீங்கள் புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டின் தொற்று நிலவரத்தையும் பாருங்கள். கிள்ளானில் தொற்று கூடி, சிரம்பானில் குறைவாக இருந்தால் ஆபத்தைக் கொண்டுபோவது நீங்கள்தான்.

3. அந்த வீட்டில் மிக வயதானவரை அல்லது மிக நலிந்தவரை வைத்து முடிவெடுங்கள். இரண்டு தவணை போடும் கோவிட் தடுப்பூசிகளுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின் 14 நாள் கழித்தே முழுப் பாதுகாப்பு என்று கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட இடைவெளிக்கும் நாள் ஒதுக்குங்கள்.

4. ஒரே நாளில் எல்லாரும் கூடாமல், முறை வைத்து இரண்டிரண்டு குடும்பமாக வாருங்கள். முகக்கவசம் கழலும் நேரம் சாப்பாட்டு நேரம். தொடர் வீட்டின் உட்கூடத்தில் நெருங்கி உட்காராமல், வாசலில் கூடாரம் போட்டு இலை போடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

5. பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய சீட்டு, கூடுதல் மருந்து, திரும்பும் வழி ஆகிய மூன்றையும் உறுதி செய்த பிறகே முன்பணம் கட்டுங்கள். யாருக்காவது தொண்டை வலித்தால் அவர் வரமாட்டார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் அதைச் சொல்வது சங்கடம். முன்பே பேசி வைத்தால் அது குடும்ப ஒப்பந்தம்.

6. பெரியவரிடமே கேளுங்கள். ஆபத்து எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, லோபாக்கில் இருக்கும் தாயாரிடம் கடைசியாகச் சொல்வது முறையல்ல. நோய் வந்தால் தாங்க வேண்டியவர் அவர். பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்தால் ஏங்கப்போவதும் அவர்தான்.